மட்டக்களப்பு வாவியும் கண்டி மலைநகரும்: ஒரு பழவழியின் வரலாறு

நெடுவழி செல்வோரை இருவகையினராகப் பகுக்கலாம். இல்லத்தைப் பின்னே விட்டு, வழியிலுள்ளார் தரும் இடத்தையும் உணவையும் நம்பிச் செல்வோர் ஒருவகையினர். இல்லத்தையே தம்முடன் கொண்டு செல்வோர் மற்றொரு வகையினர். படுக்கையும் அடுக்களையும் ஒருங்கே அமைந்த மோட்டார் வண்டியிலே ஊர்கள்தோறும் உலாவி, மலைநகரங்களைக் கண்டு மீளும் இக்காலச் சுற்றுலாப் பயணிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தோராவர். இம்முறை மேல்நாட்டாரின் புதுக்கண்டுபிடிப்பெனப் பலர் கருதுவர். 1885 ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஆங்கிலக் கடற்படை மருத்துவர் பிரிஸ்டல் நகரிலே தமக்கெனக் குதிரை வண்டி வீடொன்றைச் செய்வித்து, இன்பச் செலவுக்காகவே அதிற் சென்றார். இன்பச் செலவுக்கென அமைந்த வண்டி வீடுகளின் வரலாற்றை அவர்களுள் பலர் அவரிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஆயின், தொழில்பற்றி வீட்டோடு வழிச்சென்றாரைப் பற்றிய செய்தி தமிழிலே மிகப் பழையது. உப்பு வாணிகஞ் செய்த உமணரின் வண்டி வரிசையைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகின்றது. வண்டியிலே காடி வைத்த கலம் தொங்குகின்றது. கோழி உறையுங் கூடு அமைந்திருக்கின்றது. குழந்தையைக் கையிற்கொண்ட தாய் எருதுகளை ஓட்டுகின்றாள். இஃது உருளையின்மேல் இயங்கும் இல்லமேயாம். முதல் வகையினர்க்கோ மலைபடுகடாம் சான்றாகும். நன்னனது மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர், வழியின் இடர்களையும், ஊர்கள்தோறும் குன்றவர் அளிக்கும் உணவினையும் முன்னரே கேட்டறிந்து, அவர்தம் விருந்தோம்பலையே நம்பிச் செல்கின்றனர்.

இவ்விரு முறைகளும் ஒரே வழியில், ஒரே மலைநகரை நோக்கிச் செயற்பட்ட வரலாறு மட்டக்களப்புப் பகுதிக்கு உண்டு. அவ்வழி வாவிக்கரையினின்று கண்டி மாநகர்க்குச் சென்ற பழைய வழியாகும். 1602 இலும் 1603 இலும் 1804 இலும் அவ்வழியோடு தொடர்புற்ற மூவர் பெற்ற பயன்களை ஒப்புநோக்கினால், வழிச்செல்வோன் எவ்வாறு செல்கின்றானோ அவ்வாறே அவனுக்கு நகரும் அமையும் என்னும் உண்மை புலனாகும்.

வழியின் இயல்பு

கல்லடி, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பாடும் மீனுக்குப் பெயர்பெற்ற வாவியும் சூழ்ந்த நிலக்கீற்றிலே அமைந்தது. வாவியைக் கடந்து மேற்கே சென்றால் வயல்நிலம். அதன்பின் குடிகள் அருகிய காட்டுநிலம். அதன்பின் மகாவலி கங்கை. கங்கைக்கரையிலுள்ள மகியங்கனையைப் பழைய ஐரோப்பியர் பிந்தனை எனக் குறித்தனர். அங்கிருந்து மலை செங்குத்தாக எழுகின்றது. இன்று செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் மோட்டார் வண்டி, அம்மலைச்சரிவிலே பதினெட்டு வளைவுகள் எனப் புகழ்பெற்ற பகுதியைக் கடந்தே உன்னஸ்கிரியாவை அடைதல் வேண்டும்.

பழைய காலத்திலே இவ்விடர் இயற்கையினால் மட்டும் அமைந்ததன்று. கண்டி மன்னர்கள் நல்ல வழிகளை அமைத்தலை விரும்பினாரல்லர். 1660 இல் கொட்டியாரப் பகுதியிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், அந்நாட்டு வழிகள் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுமளவுக்கே ஒடுங்கியவை என்றும், அவற்றில் முட்கதவுகளும் காவலும் இருந்தன என்றும் எழுதினான். அகன்ற சாலை வணிகனுக்கு நன்மை. பகைவனுக்கோ அதனினும் பெருநன்மை. கடற்கரையைப் பிறர் கைப்பற்றியிருந்த காலத்தில் காடும் மலையுமே கண்டிக்குக் கோட்டைமதிலாயின. ஆகவே, மன்னனின் இசைவின்றி அந்நகர்க்குச் செல்லுதல் அரிது. இசைவு பெற்றானுக்கோ வழி தானே திறந்தது.

முதல் விருந்தினன்

1601 ஆம் ஆண்டு மே மாதத்தில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி சீலாந்து மாகாணத்தின் வீர துறையினின்று மூன்று கப்பல்களுடன் புறப்பட்டான். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட கடற்செலவின்பின், 1602 மே மாத இறுதியில் அவன் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். அக்காலத்தில் மட்டக்களப்பின் தலைவர் இருபெரும் ஆற்றல்களுக்கு இடையே வாழ்ந்தனர். கடலிலே போர்த்துக்கேயர் வலிமை பெற்றிருந்தனர். மலையிலே கண்டி மன்னன் மேலாண்மை கோரினான். எனவே, வெள்ளை நிறத்தார் கப்பலில் வந்திறங்கியபோது, அவர்களும் போர்த்துக்கேயரே என்னும் ஐயம் எழுந்தமை இயல்பேயாகும். தான் போர்த்துக்கேயரின் நண்பனல்லன், பகைவன் என்பதனை உணர்த்துவதே ஸ்பில்பேர்கனின் முதல் வேலையாயிற்று. அச்செய்தி மலைநாட்டுக்கும் எட்டியது.

அப்பொழுது கண்டியிலே ஆண்டவன் முதலாம் விமலதர்மசூரியன். கொனப்பு பண்டார என்னும் இயற்பெயருடைய இவன் போர்த்துக்கேயரிடம் பயிற்சி பெற்றவன். அவர்கள் மொழியையும் போர்முறையையும் நன்கறிந்தவன். பின்னர் அவர்களையே எதிர்த்து அரசு கைக்கொண்டவன். 1594 இல் தந்துறைப் போரிலே பேரோ லோப்பேஸ் த சூசாவின் படையை முறியடித்து, போர்த்துக்கேயர் கண்டி அரசுரிமையின்பொருட்டு அழைத்துவந்த தோனா கத்தரீனா எனப்படும் குசுமாசன தேவியைத் தன் அரசியாக்கினான். புத்தரின் தந்ததாதுவைக் கண்டிக்குக் கொணர்ந்து, அந்நகரைச் சமயத் தலைநகராகவும் உயர்த்தினான். கடற்படையில்லாத அவனுக்குக் கடல்வலியுடைய துணை ஒன்று வேண்டியிருந்தது. ஸ்பில்பேர்கனுக்கோ கறுவாவும் மிளகும் வேண்டியிருந்தன. இருவர் தேவையும் ஒருவழியிற் கூடின.

யூலை மாதத்திலே ஸ்பில்பேர்கன் சிறு குழுவினருடன் மலைநாடு நோக்கிப் புறப்பட்டான். அவன் கூடாரப் படையோடு சென்றானல்லன். மன்னனின் விருந்தினனாகவே சென்றான். பல்லக்கும் யானையும் மன்னனிடமிருந்து வந்தன. தங்குமிடமும் உணவும் ஆங்காங்கே அளிக்கப்பட்டன. பிந்தனையிலே பழைய பெருந்தாதுகோபத்தைக் கண்டு வியந்து, அதனைத் தன் நாட்குறிப்பிலும் இடம்பெறச் செய்தான். நகரை அணுகியபோது, மன்னனின் பணியிலிருந்த மனுவேல் தியஸ் என்னும் போர்த்துக்கேய முதலியார் எதிர்கொண்டு அழைத்தார். வாத்தியங்கள் முழங்கப் படைவீரர் சூழ அவன் கண்டியிற் புகுந்தான்.

நிகழ்ந்த சந்திப்பில் ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. மன்னன் கறுவாவையும் மிளகையும் விலைகூறியபோது அவ்விலை மிக அதிகமாயிருந்தது. ஸ்பில்பேர்கன் விலைபேசிப் பூசலிட்டிலன். தான் வந்தது முதன்மையாகச் சரக்கு வாங்குதற்கன்று, தன் நாட்டுத் தலைவன் மோரிஸ் இளவரசனின் நட்பையும் போர்த்துக்கேயர்க்கு எதிரான உதவியையும் அறிவித்தற்கே என்றான். அச்சொற் கேட்ட மன்னன் அவனைத் தழுவிக்கொண்டு, தன்னிடமிருந்த சரக்கை நன்கொடையாகவே வழங்கினான். குதிரைமீதமர்ந்த மோரிஸ் இளவரசனின் ஓவியம் அரண்மனையில் இடம்பெற்றது. நாட்டிலே கோட்டை கட்டுதற்கும் இசைவு கிடைத்தது. ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பின், தானும் தன் மனைவி மக்களும் தோளிலே கல் சுமப்போம் என்னும் பொருள்பட மன்னன் கூறினான் எனவும் அவன் குறிப்பு உரைக்கின்றது.

ஸ்பில்பேர்கன் தன் குழுவினர் இருவரை மன்னனிடம் விட்டு, 1602 செப்டெம்பரில் இலங்கையை நீங்கினான். அவன் செலவுக் குறிப்பு 1605 இல் டெல்வ்ற் நகரிலே அச்சேறியது. மன்னனும் தளபதியும் கைகோத்து நிற்கும் படம் அந்நூல்வழியே ஐரோப்பாவிற் பரவிற்று. கண்டி என்னும் மலைநகரை வடஐரோப்பியர் பலர் முதன்முதற் கண்ணாற் கண்டது அப்படத்திலேயே எனலாம்.

இரண்டாம் விருந்தினன்

அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் செபால்ட் த வீர்ட் என்னும் மற்றொரு ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பை அடைந்தான். இவன் கடலோடிகளுட் புகழ்பெற்றவன். 1600 இல் தென் அத்திலாந்திக்கிலே இவன் கண்ட தீவுகள் நெடுங்காலம் இவன் பெயராலேயே வழங்கின. கடலை நன்கறிந்த இவன் மனிதர் மனத்தை அவ்வளவாக அறிந்தானல்லன் என்பது பின்னிகழ்ச்சிகளால் விளங்கும்.

ஸ்பில்பேர்கன் நடந்த வழியிலேயே இவனும் கண்டிக்குச் சென்றான். அதே மன்னன் அதே அன்புடன் வரவேற்றான். போர்த்துக்கேயரின் காலிக் கோட்டையை ஒல்லாந்தர் கடல்வழியாகவும் மன்னன் தரைவழியாகவும் தாக்குவதென உடன்பாடு எய்திற்று. கப்பல்கள் கொணர்வதற்காகத் த வீர்ட் சுமத்திராத் தீவின் அச்சே நகருக்குச் சென்று, 1603 இல் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்தான்.

இதனிடையே மூன்று தவறுகள் நேர்ந்தன. முதலாவது, அவனுடைய மாலுமிகள் கரையிலே பசுக்களைக் கொன்று உண்டனர். சைவரும் பௌத்தரும் வாழும் நாட்டிலே அச்செயல் எத்தகைய அருவருப்பை விளைத்திருக்கும் என்பதை விரித்தல் வேண்டா. இரண்டாவது, வரும் வழியிலே கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்தோரை அவன் விடுதலை செய்தான். அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தல் அவனுக்கு அறமாகத் தோன்றியிருக்கலாம். தன் வாழ்நாட் பகைவரை நண்பனெனப்பட்டவனே தப்பவிடுதல் மன்னனுக்கு வஞ்சகமாகத் தோன்றிற்று. மூன்றாவது, 1603 யூன் 1 ஆம் நாள், மலையினின்று இறங்கி மட்டக்களப்புக்கு வந்த மன்னனோடு உரையாடியபோது, மதுமயக்கிலிருந்த த வீர்ட் அரசியைப் பற்றி இழிவான சொல்லொன்றைக் கூறினான். மன்னன் சினந்து அவனைப் பிணிக்குமாறு பணித்தான். எழுந்த கைகலப்பிலே த வீர்ட் கொல்லப்பட்டான். கரையிலிருந்த அவன் ஆட்களுள் ஏறக்குறைய 50 பேரும் மடிந்தனர்.

மன்னன் ஒல்லாந்தக் கப்பல்களுக்கு அனுப்பிய செய்தி சுருக்கமானது. குடிப்பவன் நல்லவனல்லன், நடந்தது கடவுளின் நீதி, அமைதி வேண்டின் அமைதி, போர் வேண்டின் போர் என்னும் கருத்தை அது கொண்டிருந்தது. இந்நிகழ்ச்சியிலே மன்னன்பாற் குற்றமே இல்லையென்று கூறுதல் நடுநிலையாகாது. ஒருவனின் சொற்குற்றத்திற்குப் பலர் உயிர் தண்டமாயிற்று. எனினும், மலைநகர் தந்த நம்பிக்கையை வாவிக்கரையிலே இழந்தவன் விருந்தினனே என்பதும் மறுத்தற்கரியது. ஒரே வழி, ஒரே மன்னன், ஒரே நாட்டு விருந்தினர். ஓராண்டினுள் ஒருவனுக்குத் தழுவலும் ஒருவனுக்கு வாளும் கிடைத்தன. 1604 இல் விமலதர்மசூரியனும் இறந்தான். ஒல்லாந்தரும் கண்டியரும் மீண்டும் உறுதியாகக் கைகோத்தது 1638 இல், வெஸ்டர்வோல்ட் தளபதி போர்த்துக்கேயரின் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றி, இரண்டாம் இராசசிங்கனோடு அவ்விடத்திலேயே உடன்படிக்கை செய்தபோதுதான். அதற்குள் 35 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வீட்டைச் சுமந்து சென்ற படை

மூன்றாமவன் ஆங்கிலேயன். 1803 இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை நோயாலும் முற்றுகையாலும் அழிந்தது. மேஜர் டேவியின் ஆட்கள் மகாவலிக்கரையிலே கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில், தேசாதிபதி நோர்த்தின் ஆட்சியின்போது, பல திசைகளினின்றும் படைப்பிரிவுகள் புறப்பட்டுக் கண்டியிலே ஒன்றுசேரும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. மட்டக்களப்பினின்று செல்லவேண்டிய பிரிவுக்குக் கப்டன் ஆர்தர் யோன்ஸ்டன் தலைவனாயிருந்தான். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும், அவனுக்கு வந்த மறுகட்டளையின் சொற்கள் தெளிவாக அமையாமையால், பழைய திட்டமே நிலைபெற்றிருக்கின்றது என அவன் பொருள்கொண்டான்.

1804 செப்டெம்பரில் ஏறத்தாழ 300 படைவீரருடனும் பொதிசுமக்கும் கூலியாட்களுடனும் அவன் மட்டக்களப்பினின்று புறப்பட்டான். அரிசி, வெடிமருந்து, உடைமை அனைத்தும் உடன்சென்றன. வழியில் எவரிடமும் இடமும் உணவும் வேண்டாத செலவு அது. ஸ்பில்பேர்கனுக்குத் திறந்த வழி இவனுக்கு அடைபட்டது. மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. புதர்களினின்று குண்டுகள் பாய்ந்தன. அவ்விடர்களை யெல்லாம் வென்று ஒக்டோபர் முற்பகுதியிலே அவன் கண்டியை அடைந்தான். அங்கே கண்டது யாது? மன்னனும் இல்லை, குடிகளும் இல்லை, சேர்வதாக இருந்த பிற படைப்பிரிவுகளும் இல்லை. நகர் வெறுமையாய்க் கிடந்தது.

சில நாள் காத்திருந்து, மழையும் நோயும் பெருகவே, அவன் திருகோணமலை நோக்கிப் பின்வாங்கினான். வழிநெடுகச் சூழ்ந்த பகைவரோடு பொருது, பலரை இழந்து, எஞ்சினாரோடு கரைசேர்ந்தான். அப்பின்வாங்கலைப் போர்த்திறனுக்கு எடுத்துக்காட்டாகப் படைநூலார் போற்றுவர். 1810 இல் அவன் தானே அதன் வரலாற்றை நூலாக வெளியிட்டான். ஆயின் அந்நூல் கற்பிப்பது படைத்திறம் ஒன்றையன்று. வேண்டியதனைத்தையும் தன்னோடு கொண்டுசென்றவன் நகரின் சுவர்களை அடைந்தான், நகரை அடைந்தானல்லன். 1815 மார்ச் 2 இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது படைவலியால் மட்டுமன்று. பிரதானிகளின் உடன்பாட்டினாலேயே எய்திற்று என்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

பொதிமாடும் கூண்டு வண்டியும்

தளபதியர் செலவுகளே அவ்வழியின் முழு வரலாறாகா. மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் இன்றியமையாதவை. கரைநாட்டுக்குப் பாக்கும் மலைவிளைபொருள்களும் வேண்டப்பட்டன. இவற்றைத் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளிலே கொண்டுசென்றோர் வணிகமக்கள். அவருள் முஸ்லிம்கள் சிறந்த இடம் பெற்றிருந்தனர். வண்டி செல்லாத ஒடுங்கிய வழியிலே மாடு சென்றது. இரவில் பொதிகளை இறக்கி, மாடுகளைக் கட்டி, தீமூட்டிக் காவலிருந்து, விடியலிற் புறப்படும் இவ்வாழ்க்கை பழைய உமணர் வாழ்க்கையின் தொடர்ச்சியேயாகும். இவர்கள் உணவையும் உறையுளையும் உடன்கொண்டவர். எனினும் யோன்ஸ்டனைப்போல் அயலாராய்ச் சென்றாரல்லர். கொடுக்கவும் கொள்ளவும் சென்றமையால் வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் அவர்க்கு உறவு இருந்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாகிக் கண்டி கடற்றொடர்பை இழந்தபின்னர், உப்புக்காகக் கரையை நம்புதல் மலைநாட்டுக்குத் தவிர்க்கமுடியாததாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியிலே சாலைகள் அகன்றன; பொதிமாட்டின் இடத்தைக் கூண்டு வண்டி பெற்றது. கிடுகு வேய்ந்த கூண்டின்கீழ் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, கீழே விளக்குத் தொங்க, இரவிரவாகச் செல்லும் அவ்வண்டியே அக்காலக் குடும்பங்களின் நகரும் வீடாயிற்று.

அவ்வண்டிக்கு ஒருமுறை சீரிய விருந்தினர் வாய்த்தார். 1897 சனவரி 15 இல் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், புகையிரதத்திலே கண்டிக்குச் சென்று வரவேற்புப் பெற்று, மாத்தளையினின்று குதிரைவண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்திலே வண்டியின் முன்சில்லு முறிந்தது. நெடுநேரம் காத்திருந்தபின் மாட்டு வண்டிகளே கிடைத்தன. சுவாமிகளும் உடன்சென்றோரும் சிலதூரம் நடந்து, அன்றிரவை அவ்வண்டிகளிலேயே கழித்து அநுராதபுரம் அடைந்தனர். உடன்சென்றோருள் சேவியர் தம்பதியர் இருந்தனர். அத்தம்பதியர் 1899 இல் சுவாமி சொரூபானந்தருடன் சேர்ந்து இமயமலையிலே மாயாவதி ஆச்சிரமத்தை அமைத்தனர். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின்பின் அம்மாயாவதியிலேயே தங்கிப் ‘பிரபுத்த பாரத’ இதழுக்கு ஆசிரியராயிருந்தார். இவ்வாறு மலைநகர் வழியொன்றிலே மாட்டு வண்டியில் இரவு கழித்தோரின் பணி, கல்லடி மண்ணோடும் தொடர்புற்றது.

இருப்புப்பாதையும் மோட்டார் வண்டியும்

கண்டிக்குப் புகையிரதம் 1867 இல் வந்தது. மட்டக்களப்புக்கு 1928 இல் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1924 இல், கல்லடிப் பாலம் வாவியை இணைத்தது. அதனருகே புதிய பாலம் 2013 இற் திறக்கப்பட்டது. ஆயினும், இருப்புப்பாதை பழவழியைப் பின்பற்றவில்லை. வடமேற்கே மாகோ சென்று, பொல்காவலை வழியே சுற்றியே கண்டியை அடைதல் வேண்டும். மகியங்கனை வழியிலே ஆங்காங்கு தங்கி உறவு வளர்த்த செலவு, வண்டியினுட் கண்மூடித் துயிலும் செலவாக மாறிற்று. மோட்டார்ச் சாலைகள் பழைய திசையை மீண்டும் உயிர்ப்பித்தன. ஸ்பில்பேர்கன் பல நாட்களிற் கடந்த தூரம் இன்று ஒரு பகற்பொழுதிலே கடக்கப்படுகின்றது. 1988 இல் கண்டி உலக மரபுரிமை நகராக ஏற்கப்பட்டபின் அதனைக் காண வருவோரும் பெருகினர்.

வீட்டையே வண்டியாகக் கொண்டு மலைநகர் காணச் செல்லும் முறையிலே வசதி பெரிது. உணவுக்கும் உறக்கத்துக்கும் எவரையும் நாடவேண்டுவதில்லை. அவ்வசதியே அதன் குறையுமாதல் கூடும். எவரையும் நாடாதவனை எவரும் அறியார். அறியப்படாதவனுக்கு நகர் தன் கதவைக் காட்டுமேயன்றி உள்ளத்தைக் காட்டாது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தளிப்பார்க்குக் கூறிய அவ்வறத்திலே விருந்தினர்க்குரிய பண்பும் அடங்கியுள்ளது என்பதை மட்டக்களப்பு வழியின் வரலாறு காட்டுகின்றது. விலைபேசாது நட்புப்பேசியவன் கறுவாவும் பெற்றான், கண்டியும் பெற்றான். நட்புப்பெற்றும் நாவைக் காவாதவன் உயிரிழந்தான். நட்பையே வேண்டாது சென்றவன் வெறுநகர் கண்டு மீண்டான். உப்புப்பொதியோடு சென்ற பெயரறியாத வணிகனோ, தன் வீட்டையும் கொண்டுசென்றான், பிறர் வீட்டையும் தன்வீடாக்கிக்கொண்டான். வழிச்செல்வோர் பின்பற்றுதற்குரியவன் அவனேயாவான்.